ஒன்றுமில்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில் பொதுமருத்துவராக இருக்கிறேன். படிப்பை முடித்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரி நாட்களிலிருந்தே உங்கள் தளத்தை வாசிக்கிறேன். இதுதான் முதல் கடிதம்.

எங்களுக்கு முதல் வகுப்பே ‘நோய்நாடி’ என்ற குறளோடுதான் தொடங்கியது. இன்று நோயை நாடும் வேலையை நோயாளியே வீட்டில் முடித்துவிட்டு வருகிறார். போன வாரம் ஒருவர், நான் எழுதிக்கொடுத்த மாத்திரையின் பக்கவிளைவுகளை என் எதிரில் உட்கார்ந்தபடியே கைபேசியிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார். இன்னொருவர் நான் பேசுவதைச் சட்டைப்பையில் பதிவு செய்துகொண்டிருந்தார். டோக்கன்படி காத்திருக்கச் சொன்னதற்காக ஒருவர் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார். 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஓர் இளம்பெண் இறந்ததை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

என் அப்பா காலத்தில் டாக்டரைக் கடவுளாக நினைத்தார்கள். அந்த நம்பிக்கையை இணையம் கொன்றுவிட்டது. திரை வந்ததும் தொட்டுப் பார்க்கும் உறவும் போய்விட்டது. எந்த மருத்துவராவது நோயாளியிடம், போய் இணையத்தில் பார் என்று சொல்வாரா?

என் கேள்வி சிறியது. நோயாளிகள் எல்லாரும் வாட்ஸ்அப் எண் கேட்கிறார்கள். கொடுக்கலாமா, கூடாதா? கொடுத்த நண்பர்கள் தூக்கத்தைத் தொலைத்துவிட்டதாகப் புலம்புகிறார்கள். கொடுக்காதவர்களுக்குத் திமிர் பிடித்தவர் என்று பெயர்.

என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசைமேல் ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை கிடந்தது. சொந்த உடம்பைப் பற்றி எழுதுவது படிப்பவர்களுக்கு அலுப்பு என்பதால் இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதவைத்துவிட்டீர்கள்.

சில்லறைகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். அந்தக் குறளுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். மருத்துவமனைத் திறப்புவிழா அழைப்பிதழ்களில் அச்சாகி அச்சாகி அது களைத்துப்போயிருக்கிறது. ஒற்றை நட்சத்திரத்துக்கெல்லாம் கவலைப்படுகிறவர் ஓட்டல் நடத்தப் போகலாம். உங்களுக்குத் தெரியாமல் பதிவு செய்தவர் செய்தது அசிங்கம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வெளியே போங்கள் என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் உங்கள் பக்கம்தான். திருப்பூர்ப் பெண்ணின் மரணம் கொடுமை. ஆனால் அது நிகழ்ந்தது மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே அல்ல. மருத்துவரே வேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு வீட்டுக்குள். அதை இந்த வழக்கில் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள்.

திரை வந்து தொடுதல் போய்விட்டது என்கிறீர்கள். என் அத்தை ஒருத்தி இருக்கிறாள், எண்பதைத் தாண்டியவள். அரவிந்த் கண் மருத்துவமனை கிராமப்புறங்களில் நடத்தும் கண் மையம் ஒன்றில் பார்த்துக்கொண்டாள். பயிற்சி பெற்ற ஓர் இளம்பெண் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுத்து அனுப்புகிறாள். மருத்துவர் வேறெங்கோ உட்கார்ந்து திரையில் பேசுகிறார். திரும்பி வந்த அத்தை சொன்னாள்: “அந்த டாக்டர் என் மூஞ்சியைப் பார்த்தே பேசினார்டா.” திரையில் அவருக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது, அத்தையின் முகம்தானே! நேரில் போனால் பல மருத்துவர்கள் கணினியையோ சீட்டையோ பார்த்துத்தான் பேசுகிறார்கள். விட்டுவிடுவோம்.

எந்த மருத்துவர் நோயாளியை இணையத்தில் பார்க்கச் சொல்வார் என்று சவாலாகக் கேட்டிருக்கிறீர்கள். சொன்னவர் இருக்கிறார். 2007-இல் அமெரிக்காவில் டேவ் டிபிரான்கார்ட் என்பவருக்குச் சிறுநீரகப் புற்றுநோய், உடம்பெங்கும் பரவிய நிலையில். அவருடைய மருத்துவர் டேனி சாண்ட்ஸ்தான், இதே நோய் உள்ளவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் ஒரு குழுவுக்கு அவரை அனுப்பினார். இன்டர்லூக்கின் என்ற கடுமையான சிகிச்சையைப் பற்றியும் அதை எங்கே யார் தருகிறார்கள் என்பதைப் பற்றியும் அங்கேதான் தெரிந்துகொண்டார். அந்த மருந்து சிலருக்கே வேலை செய்யும். அவருக்குச் செய்தது. பிழைத்து எழுந்தவர், நோயாளிகளின் குரலாக ஊர் ஊராகப் பேசப் போய்விட்டார். அவருடைய மருத்துவர் அதனால் சிறுத்துப்போய்விட்டதாகத் தெரியவில்லை.

இனி நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன இடத்துக்கு வருகிறேன். என் அப்பா காலத்தில் டாக்டரைக் கடவுளாக நினைத்தார்கள் என்கிறீர்கள். எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. தம்பி, நம் ஆட்கள் கடவுளைக் கேள்வி கேட்காதவர்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? வேண்டுதல் பலிக்காவிட்டால் சாமி முன்னால் நின்று கண்ணில்லையா உனக்கு என்று திட்டுவார்கள். திட்டியே துதிக்க நிந்தாஸ்துதி என்று ஒரு வகையே வைத்திருக்கிறோம். டாக்டரிடம் அந்த உரிமைகூட இருந்ததில்லை. நீங்கள் நம்பிக்கை என்று ஏங்கும் அந்தப் பொருளுக்கு, அன்று மரபெஞ்சியின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வைத்திருந்த பெயர் வேறு.

என் அறிக்கைக்கு வருகிறேன். முழு உடல் பரிசோதனை என்று ஒன்றைப் பிள்ளைகள் வற்புறுத்திச் செய்யவைத்தார்கள். வெறும் வயிற்றில் 12 மணி நேரம் இருந்தால் போதும் என்றார்கள். எதையும் மிகையாகச் செய்வது என் குணம். முந்தின நாள் பயணத்தில் மதியமும் சரியாகச் சாப்பிடவில்லை, இரவும் சாப்பிடவில்லை. காலையில் ரத்தம் கொடுத்தேன். இரவு 9.40-க்குக் கைபேசி கிணுகிணுத்தது. ஏழு பக்க அறிக்கை. மூன்றாம் பக்கத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி 2.3 என்று தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு. 1.2-க்குள் இருக்க வேண்டுமாம்.

அந்தத் தடித்த எழுத்து என்ன செய்யும் என்று உங்களைப் போன்றவர்களுக்குத் தெரியாது. நீங்கள் ஒரு நாளைக்கு ஐம்பது பார்க்கிறீர்கள். நாங்கள் பார்ப்பது ஒன்றே ஒன்று, அது எங்களுடையது. அந்த எல்லைகளை எப்படி வகுக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள் நூறு பேரில் 95 பேர் அடங்கும்படி கோடு போடுகிறார்கள். மிச்சம் ஐந்து பேர் நோய் ஏதும் இல்லாமலேயே கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை நல்ல உடம்புக்காரர் ஒருவருக்குச் செய்தால், ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். எனக்கு அறுபதுக்கும் மேல் செய்திருந்தார்கள். இதை அறிக்கையின் அடியில் இரண்டு வரியில் அச்சிட எவ்வளவு செலவாகும்? அச்சிட மாட்டார்கள். அம்புக்குறி மட்டும் இலவசம்.

அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 5 முதல், சோதனை முடிவு தயாரானதுமே தாமதமில்லாமல் நோயாளியின் பார்வைக்குத் திறந்துவிட வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. மருத்துவருக்கு முன்னால் நோயாளியே தன் புற்றுநோயைத் திரையில் படித்துவிடுவதும் அங்கே நடக்கிறது. நம்மூரில் அந்த விதி இல்லை. விதி இல்லாமலேயே நாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். நான் அதற்கு எதிரியும் அல்ல, என் ரத்தம் என்னுடையது. ஆனால் அது வரும் நேரம், படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் விழித்திருக்காத நேரமாக இருக்கிறது.

இரவு 11 மணிக்கு அறிக்கையை எங்கள் ஊர் மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல வாசகர். இரண்டு குறிகளும் நீலமாயின. பதில் வந்தது: “நாளை காலை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.”

அவ்வளவுதான். ஏன் சாப்பிட வேண்டும்? நீண்ட சோதனை எதற்கோ உட்காரவைக்கப் போகிறாரா? தெம்பு வேண்டியிருக்குமா? இனிமேல் சாப்பிட முடியாமல் போகும் என்கிறாரா? சிறுகதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வரியை இரவு 11 மணிக்கு அனுப்பவே கூடாது. எழுந்து உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். கல்லீரல் சுருக்கம், பித்தப்பைக் கல், கணையப் புற்றுநோய் என்று ஒரு மணிக்குள் நான்கு உறுப்புகளை இழந்துவிட்டேன். தமிழில் தேடினால் ஒருவர், இந்த இலையை அரைத்துக் குடித்தால் மூன்றே நாளில் என்று கை நீட்டிப் பேசினார். பின்னணியில் வீணை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எனக்கு இருப்பது இன்னது என்பதை அந்த இரவிலேயே நான் படித்துவிட்டேன். நான்காவதோ ஐந்தாவதோ பக்கத்தில் இருந்தது: கில்பர்ட், பிறவிக்கூறு, தீங்கில்லாதது, சிகிச்சை தேவையில்லை. படித்துவிட்டுத் தள்ளிவிட்டேன். தீங்கில்லாததா, அது வேறு யாருக்காவது இருக்கும். பயந்தவன் நல்ல சேதியை நம்ப மாட்டான் டாக்டர். உங்களிடம் வருகிறவர்கள் தவறானதைப் படித்துவிட்டு வருகிறார்கள் என்று நினைக்கிறீர்கள். பாதிப் பேர் சரியானதையும் படித்திருப்பார்கள். யாராவது உயிருள்ள ஆள் அதைச் சொல்லட்டும் என்றுதான் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இப்போது ஆளைப் போலவே பதில் சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன. அவற்றிடம் கேட்டவர்களும் கேட்டுவிட்டு உங்களிடம்தான் வருகிறார்கள்.

காலையில் சாப்பிட்டுவிட்டுப் போனேன். என்னை ஜன்னல் பக்கம் திருப்பி, கீழே பார்க்கச் சொல்லி, கட்டைவிரலால் மேலிமையைத் தூக்கி, வெயில் வெளிச்சத்தில் விழியின் வெள்ளையைப் பார்த்தார். பிறகு அறிக்கையின் மற்ற எண்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கல்லீரலின் நொதிகள் சரி, ரத்த அளவு சரி, பிலிரூபினிலும் கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாத பங்குதான் கூடியிருக்கிறது. மற்றதெல்லாம் சரியாக இருப்பதால்தான் இப்படிச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து உடைகின்றன. உடைவதிலிருந்து வரும் மஞ்சள் அது. கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தத்தோடு அனுப்புகிறது. சிலருக்கு அந்த வேலையைச் செய்யும் நொதி பிறவியிலேயே குறைவு. பட்டினி கிடந்தால், காய்ச்சல் வந்தால், தூக்கம் கெட்டால் மஞ்சள் கொஞ்சம் ஏறும். சாப்பிட்டால் இறங்கிவிடும். 1901-இல் பாரிஸ் மருத்துவர் ஒருவர் எழுதிவைத்தது, அவர் பெயரால்தான் கில்பர்ட். மூன்று வாரம் கழித்து, பட்டினி கிடக்காமல், இன்னொரு முறை பார்த்துவிடுவோம் என்றார்.

பிறகு கேட்டார்: “உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது அவ்வப்போது கண் மஞ்சளாகும் வழக்கம் உண்டா?”

அப்பா.

என் அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தார். ஆண்டுதோறும் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம். இரவில் ஒரு தம்ளர் பால், மற்றபடி தண்ணீர். ஆறாம் நாள் திருச்செந்தூருக்குப் போய்ச் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டுத் திரும்புவார். வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண் இரண்டும் மஞ்சளாக இருக்கும். ஆச்சி உடனே கீழாநெல்லியைப் பிடுங்கி அரைத்து மோரில் கலக்குவாள். உப்பில்லை, எண்ணெயில்லை, தாளிப்பில்லை. கஞ்சி மட்டும். மஞ்சள் இறங்காது. இறங்காததனால் பத்தியம் இன்னும் கடுமையாகும். அறுபதை நெருங்கிய வயதில், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் எனக்குத் தெரிந்தது: அந்தப் பத்தியம்தான் மஞ்சளை இறங்கவிடாமல் பிடித்துவைத்திருந்தது.

1974-இல் பக்கத்து ஊர் டாக்டரிடம் போனார். நானும் போயிருந்தேன். அவர் கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். வீட்டிலிருந்து கொண்டுபோகும் பாட்டிலில் கம்பவுண்டர் சிவப்பு மருந்து ஊற்றி, ஒரு துண்டுக் காகிதத்தை மடித்துப் பல்பல்லாக வெட்டி, பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளை. உள்ளே இருப்பது என்ன என்று அந்தக் காகிதம் சொல்லாது. அப்பாவின் ரத்தம் திருநெல்வேலிக்குப் போய் நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார். மேசை இழுப்பறைக்குள் போட்டார். “ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடும்” என்றார்.

அப்பா எழுந்திருக்கவில்லை. “ஒன்றுமில்லை என்றால் கண் ஏன் ஐயா மஞ்சளாகிறது?”

“நான் டாக்டரா, நீர் டாக்டரா?”

என் வயதுக்காரர்கள் எல்லாரும் இந்த வாக்கியத்தை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். உங்கள் நம்பிக்கை யுகத்தின் மூலமந்திரம் அது. அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

அந்த டாக்டர் சொன்னது சரி, பாருங்கள். இன்று யோசித்தால் வைத்தியம்கூடச் சரி. நன்றாகச் சாப்பிடும் என்பதைவிடப் பொருத்தமான மருந்துச்சீட்டு அந்த உடம்புக்கு எழுத முடியாது. அவர் கெட்டிக்காரர். ஆனால் அந்த ஒன்றுமில்லையை வைத்துக்கொண்டு அப்பாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டில் வந்து என்னவென்று சொல்வார்? பெயரில்லாத ஒன்றுமில்லையை ஆச்சி ஏற்றுக்கொள்வாளா? டாக்டருக்கே பிடிபடவில்லை என்று கீழாநெல்லி இரண்டு வேளையாயிற்று. ஊரில் கண் மஞ்சளானால் ஈரல், ஈரல் கெட்டால் குடி. கள்ளை மோந்துகூடப் பார்க்காத மனிதர். அத்தைக்கு வந்த ஒரு நல்ல வரன், ‘அண்ணன்காரன் குடிப்பானாமே’ என்ற பேச்சில் முறிந்தது. திரையில் டாக்டர் தன் முகத்தைப் பார்த்துப் பேசியதாகச் சொன்னாளே, அதே அத்தை. நாற்பத்தைந்து வயதில் அப்பா சஷ்டி விரதத்தை விட்டார். அந்த ஐப்பசியில் ஆறு நாளும் அவர் திண்ணையில் திரும்பி உட்கார்ந்தபடியே சாப்பிட்டார். தன் ஈரல் அழுகிக்கொண்டிருப்பதாகவே கடைசிவரை நம்பினார். இறந்தது பக்கவாதத்தில்.

அப்பாவுக்கு இருந்தது இதுதான் என்று இனி யாரும் சோதித்துச் சொல்ல முடியாது. இருந்திருக்கலாம் என்றுதான் மருத்துவரும் சொன்னார். அந்த இழுப்பறையில் கிடந்த தாள் என்னவாயிற்று என்று நினைத்துக்கொள்கிறேன். 2002-இல் மருத்துவ கவுன்சில் வகுத்த நெறிமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு அது தன்னுடைய தாள் என்றே தோன்றியிருக்காது.

ஆகவே, உங்கள் எதிரில் உட்கார்ந்து பக்கவிளைவுகளை வாசித்துக் காட்டினாரே ஒருவர், அவர்மேல் கோபப்படாதீர்கள். அவருடைய அப்பாவாக இருந்தால் உங்கள் சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய், மாத்திரையைப் பரணில் எறிந்துவிட்டு, நாட்டுவைத்தியரிடம் போயிருப்பார். உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. கடவுளாகவே இருந்துவிட்டுப் போயிருப்பீர்கள். இவர் சந்தேகத்தை உங்கள் முகத்துக்கு நேரே வைத்திருக்கிறார். அதற்குப் பெயர் மரியாதை. அப்பா எழுந்திருக்காமல் உட்கார்ந்து கேட்ட அந்த ஒரே கேள்வியை இவர் கைபேசியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்.

நேரம் எங்கே என்பீர்கள். அதில் உங்கள்மேல் எனக்கு இரக்கம் உண்டு. 67 நாடுகளில் முதல்நிலை மருத்துவர்கள் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்று தொகுத்த ஓர் ஆய்வு 2017-இல் வந்தது. ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 வினாடி. நாம் வங்கதேசத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம், இரண்டு நிமிடச் சொச்சம். வெளியே நூறு டோக்கன் காத்திருக்கும்போது சிவப்பணுக்களின் ஆயுளைப் பற்றி யார் வகுப்பெடுக்க முடியும்? முடியாதுதான். ஆனால் என் மருத்துவர் எனக்கு விளக்கியதை நான் கணக்குப் பார்த்தேன். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். விளக்காமல் விட்டிருந்தால் இன்னும் நான்கு சோதனை, இரண்டு ஊர், ஒரு ஸ்கேன் என்று சுற்றிவிட்டு அவரிடமே திரும்பி வந்து முப்பது நிமிடம் வாங்கியிருப்பேன்.

எண் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். கொடுங்கள். 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதலை எடுத்துப் படியுங்கள். அதற்குக் கட்டணம் வாங்கலாம் என்று இருக்கிறது. பார்த்த விவரத்தைப் பதிந்துவைக்க வேண்டும் என்று இருக்கிறது. கைபேசி போதுமா, நேரில் வரச்சொல்ல வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான் என்றும் இருக்கிறது. எந்த நேரத்தில் பதில் வரும் என்பதைச் சுவரில் எழுதி மாட்டுங்கள். நள்ளிரவில் குழந்தையின் சளியைப் படமெடுத்து அனுப்புகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களை நீங்கள் திட்டலாம்.

பதில் போட்டால் மட்டும் இன்னும் ஒரு வரி கூடுதலாகப் போடுங்கள். “பட்டினி கிடந்தால் இந்த எண் ஏறும், அதனால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்” என்று எழுதியிருந்தால் அன்றைக்கு நான் தூங்கியிருப்பேன். எங்கள் ஊர் மருத்துவர் இந்தத் தளத்தை வாசிக்கிறவர்தான். வாசிக்கட்டும்.